ஓலையா, கல்லா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கற்பட்டில் பஸ் ஏறி உத்திரமேரூருக்குப் போயிருந்தேன். கல்வெட்டுப் பார்க்கப் போகிறேன் என்றுதான் பக்கத்து ஸீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். பட்டணத்திலிருந்து தோளில் பையை மாட்டிக்கொண்டு அந்த ஊருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அதற்குத்தான் வருகிறார்கள். நான் போனதோ துக்கம் விசாரிக்க. இறந்தது மனிதரும் அல்ல, மாடும் அல்ல. ஒரு ஹார்டு டிஸ்க்!

சிரிக்க வேண்டாம். விஷயத்தைக் கேட்டால் சிரிப்பு வராது.

உத்திரமேரூரை அடுத்த ஒரு சிற்றூரில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். என் கல்லூரித் தோழன் ஒருவனுக்குப் பெரியப்பா. அவனோடு விடுமுறைக்குப் போய்ப் போய் எனக்கும் அவர் பெரியப்பாவாகவே ஆகிவிட்டார். பேத்திக்குப் பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த விலையில்லா லேப்டாப்தான் அந்த வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தால் தமிழ்நாட்டுக் கிராமங்களில் எத்தனையோ வீடுகளுக்கு அப்படித்தான் கம்ப்யூட்டர் வந்தது. பேத்தி மேல்படிப்புக்குப் போனதும் பெரியப்பா தமக்கென்று மேஜைக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார். ஓய்வூதியக் கணக்கு எழுத என்று வீட்டில் சொன்னார். உண்மைக் காரணம் வேறு.

அவருடைய தாயார் நடவுப் பாட்டில் பெரிய கைகாரி. அந்த அம்மாள் முன்பாட்டுப் பாடினால் நாலு கழனிக்கு அப்பால் இருப்பவர்களும் குனிந்த முதுகை நிமிர்த்திக் கேட்பார்களாம். வயதான காலத்தில் திண்ணையில் உட்காரவைத்து, மகன் அத்தனையையும் பதிவு செய்தார். நாற்பத்துமூன்று பாட்டுகள். அத்துடன் ஊரிலுள்ள கழனிகளின் பெயர்கள், ஏரி மதகுகளின் பெயர்கள், எந்த மதகில் எந்தக் குடும்பத்துக்கு என்றைக்குத் தண்ணீர் முறை என்பதெல்லாம் கேட்டுக் கேட்டுத் தட்டெழுதி வைத்தார். அம்மாள் 2018-ல் தொண்ணூற்றொரு வயதில் காலமானார். குரல் மட்டும் கம்ப்யூட்டரில் இருந்தது.

இந்தக் கோடையில் ஒரு நாள் மின்சாரம் போய்ப் போய் வந்தது. மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தால் உள்ளேயிருந்து "டக், டக்" என்று சத்தம். அவ்வளவுதான்.

"காப்பி போட்டு வைக்கவில்லையா, பெரியப்பா?" என்று கேட்டேன்.

"போட்டிருந்தேனே தம்பி! 'சி'யிலே இருந்ததை அப்படியே 'டி'யிலேயும் போட்டு வைத்தேனே!" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இந்தப் பதிலை நான் கேட்பது இது முதல் தடவை அல்ல. நம் நாட்டில் கம்ப்யூட்டர் விற்கும் கடைக்காரர்கள் ஒரே டிஸ்கை இரண்டாகத் தடுத்து, ஒன்றுக்குச் 'சி' என்றும் மற்றொன்றுக்கு 'டி' என்றும் பெயர் வைத்துக் கொடுக்கிறார்கள். "முக்கியமானதை 'டி'யில் வையுங்கள்" என்று ஒரு புத்திமதியும் கூடவே வரும். விண்டோஸ் கெட்டுப்போய்த் திரும்பப் போடும்போது 'டி' தப்பிக்கும் என்ற அளவுக்கு அது சரிதான். ஆனால் டிஸ்கே போனால்? ஒரே பத்தாயத்தில் நடுவே பலகை வைத்துத் தடுத்துவிட்டு, எலி ஒரு பக்கம்தான் தின்னும் என்று நம்புவதைப் போன்றது இது.

செத்த டிஸ்கைச் சென்னையில் ஒரு கடைக்கு எடுத்துப் போனார்கள். திறந்து பார்த்துவிட்டு, தட்டின் மேல் கீறல் விழுந்துவிட்டது, ஒன்றும் தேறாது என்று சொல்லிவிட்டார்கள். பரிசோதனைக் கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

சபை மண்டபத்தில் ஒரு மாலை

"போனது போகட்டும். இனிமேல் எந்த சாப்ட்வேர் போடட்டும், எந்த டிஸ்க் வாங்கட்டும், சொல்லு" என்றார் பெரியப்பா. நான் உடனே பதில் சொல்லவில்லை. சாயங்காலம் காற்றாட இருவரும் உத்திரமேரூர்க் கடைத்தெருப் பக்கம் வந்து, வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குள் போனோம். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வருஷம் பிள்ளைகளுக்கு அந்தக் கல்வெட்டைப் பற்றிப் பாடம் சொன்னவர் அவர். அன்றைக்கு நான் அவருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று!

முதற் பராந்தக சோழனின் பன்னிரண்டாம் ஆட்சி ஆண்டில், அதாவது 919-ல், இந்த ஊர்ச் சபை தேர்தல் முறை ஒன்றை வகுத்தது. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரிப்பது. தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவது. உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்வது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்ஸர வாரியம் என்று ஆட்களை அமர்த்துவது. இரண்டே ஆண்டில், 921-ல், அதே சபை கூடி அந்த முறையைத் திருத்தியது. முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்றிருந்த வயது வரம்பு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாறிற்று. யார் யார் நிற்கக்கூடாது என்பதும் மிக விரிவாகச் சொல்லப்பட்டது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்கு ஆகார்.

இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. ஆனால் ஒன்றைக் கவனித்தோமா? திருத்தம் வந்ததும் பழைய கல்வெட்டை யாரும் கொத்தி அழிக்கவில்லை. பழையதும் இருக்கிறது, புதியதும் இருக்கிறது. என்ன மாறிற்று என்று இன்றைக்கு நாம் ஒப்பிட்டுப் பார்க்க முடிவது அதனால்தான். கம்ப்யூட்டர்க்காரர்கள் இதை 'வெர்ஷன்' என்கிறார்கள். காப்புப் பிரதிக்கு இது உயிர்நாடி. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்று. தேர்தலுக்கு ஓலை, தேர்தல் விதிக்குக் கல். பெயர் எழுதிய ஓலை அன்றைக்குப் படித்தால் போதும். விதி நிற்க வேண்டும். எது எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்று முதலில் தீர்மானம் செய்துகொண்டு, அதற்குத் தக்கபடி பொருளைத் தேர்ந்தெடுத்தார்கள். நாமோ கடைக்குப் போய், "நல்லதா ஒரு டிஸ்க் கொடுங்க" என்கிறோம். எதற்கு என்று கடைக்காரரும் கேட்பதில்லை, நாமும் நினைத்துப் பார்ப்பதில்லை.

கல்லிலே வெட்டிவிட்டார்களே, அதற்கு மேல் பிரதி எதற்கு என்று தோன்றலாம். கல்லும் கரையும், திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு பூசியவர்களும், கல்லைப் பெயர்த்துப் படிக்கட்டுக்குப் போட்டவர்களும் நம்மிடையே உண்டு. 1886-ல் சென்னை அரசாங்கம் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞரைக் கல்வெட்டுப் பணிக்கு அமர்த்தியது. அது முதல், ஈரக் காகிதத்தைக் கல்லின்மேல் ஒட்டித் தட்டி, மை ஒற்றி எடுக்கும் மைப்படிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. அவை உதகமண்டலத்திலும் பிறகு மைசூரிலும் வைக்கப்பட்டன. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் 1932-ல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். ஆகக் கல் இங்கே. மைப்படி மலைக்கு அப்பால். அச்சுப் புத்தகம் உலகத்து நூலகங்களில். மூன்று பிரதி, வேறு வேறு பொருள், ஒன்றாவது வெளியூரில்.

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் இதையே '3-2-1' என்று ஒரு சூத்திரமாகச் சொன்னார். பிரதி மூன்று, பொருள் இரண்டு வகை, ஒன்று வேறு இடத்தில். இன்று உலகம் முழுவதும் கம்ப்யூட்டர் நிபுணர்கள் அதைத்தான் ஓதுகிறார்கள். "இந்த மண்டபத்தைச் சுற்றி எழுதியிருக்கிறதைத்தான் சொல்கிறார்" என்றார் பெரியப்பா. உள்ளூர்ப் பெருமையை விட்டுக்கொடுப்பாரா!

எதில் எழுதுவது?

இனி டிஸ்க் விஷயம். என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு, வெளியே சொருகும் சாதாரண ஹார்டு டிஸ்க் இரண்டு போதும். நடுத்தரமான ஒரு காஞ்சிப் பட்டுச் சேலையின் விலைக்குள் இரண்டையும் வாங்கிவிடலாம். ஒன்றே ஒன்றை விலை உயர்ந்ததாக வாங்குவதை விட, சுமாரானது இரண்டு வாங்குவது நல்லது. இரண்டும் ஒரே கம்பெனியாக, ஒரே நாளில் வாங்கியதாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஒரே சரக்கில் ஒரே குறை இருக்கக்கூடும்.

ஹார்டு டிஸ்க் என்பது நிமிஷத்துக்கு ஐயாயிரத்து நானூறு தடவை சுழலும் தட்டு. அதன்மேல் மயிரிழையிலும் மெல்லிய இடைவெளி விட்டுப் படிக்கும் முனை பறந்துகொண்டே இருக்கும். ஓடும்போது கீழே விழுந்தாலும், திடீர் திடீரென்று மின்சாரம் போய் வந்தாலும் ஆபத்து. லட்சக்கணக்கான டிஸ்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. அதன்படி, குளிரூட்டிய அறைகளிலேயே ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றரை அளவில் டிஸ்குகள் சாகின்றன. நம்முடைய ஓட்டு வீட்டு வெயிலில் என்ன கணக்கோ! ஆனால் இரண்டு டிஸ்குகள் ஒரே வாரத்தில், வேறு வேறு ஊரில் சாவது அபூர்வம். நமக்கு வேண்டியது அந்த அபூர்வம்தான். சாகாத டிஸ்க் என்று ஒன்று கிடையாது.

பென் டிரைவும் மெமரி கார்டும் சந்தைக்குக் கொண்டுபோகும் பைகள், குதிர்கள் அல்ல. நானே ஒரு தடவை ஆறு மாதக் குறிப்புகளைச் சட்டைப் பையோடு சலவைக்குப் போட்டவன். அன்றியும் சந்தையில் போலி ஏராளம். 'இரண்டு டெராபைட்' என்று மேலே அச்சிட்டு மிக மலிவாக விற்பார்கள். உள்ளே இருப்பது முப்பது, அறுபது ஜிகாபைட்தான். நிரம்பிய பிறகும் எழுதுவதைப் போலவே பாசாங்கு செய்யும்; திறந்து பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும். 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்று ஒரு சின்ன இலவச சாப்ட்வேர் இருக்கிறது. வாங்கிய அன்றே அதை ஓட்டிப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும்.

எஸ்.எஸ்.டி. என்ற புதுவகை டிஸ்க் வேகத்தில் மன்னன். கம்ப்யூட்டருக்குள் இருக்க அதற்கு ஈடு இல்லை. ஆனால் எழுதிப் பீரோவில் பூட்டி வைக்க அது ஏற்றதல்ல. உழைத்துத் தேய்ந்து ஆயுள் முடியும் தறுவாயில் இருக்கும் வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி., மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைத் தாங்கினால் போதும் என்பதுதான் அந்தத் தொழிலின் தர நிர்ணயம். புதியது அதற்கு மேலும் தாங்கும் என்பது வாஸ்தவம். ஆனால் வெப்பம் ஏற ஏறத் தாங்கும் காலம் குறையும். சித்திரை மாதத்தில் நம் பீரோவுக்குள் 30 டிகிரி எங்கே இருக்கிறது?

சி.டி., டி.வி.டி. காலம் மலையேறிவிட்டது. சாயப் படலம் வெளுத்து, கல்யாண ஆல்பங்கள் பல ஊமையாகிவிட்டன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆயிரம் ஆண்டு நிற்கும், கல்லைப் போன்ற படலத்தில் எழுதுகிறோம் என்று விளம்பரம் செய்து எம்-டிஸ்க் என்று ஒரு தட்டு வந்தது. செய்த கம்பெனி 2016-ல் திவாலாகிவிட்டது. சரக்கு வேறு கைக்கு மாறி விற்பனையாகிறது. தட்டு ஆயிரம் ஆண்டு நிற்கட்டும். அதைப் படிக்கும் பெட்டி இப்போதே லேப்டாப்புகளில் இல்லையே! பராந்தகன் காலத்துக் கல்லுக்கு வெறும் கண் போதும். எழுத்துப் படிக்கத் தெரிந்தால் சரி.

கிளவுட் என்ற வெளியூர்ச் சேமிப்பைப் பற்றி இளைஞர்கள் மிகவும் சொல்கிறார்கள். வேறு இடத்தில் ஒரு பிரதி என்ற அளவில் அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அது மட்டும் போதும் என்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. கூகிள் படங்களுக்கு முதலில் அளவில்லாத இடம் என்றார்கள். 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து எல்லாம் 15 ஜிகாபைட் கணக்குக்குள் என்று மாற்றிவிட்டார்கள். இடம் அவர்களுடையது, விதியும் அவர்களுடையது. அரசாங்கமே நடத்தினாலும் நெருப்புக்குப் பேதமில்லை. தென்கொரியாவில் டேஜான் நகரத்து அரசாங்கத் தகவல் மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று பாட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் கோப்புகளை வைத்திருந்த சேமிப்பு, 858 டெராபைட், அடியோடு போயிற்று. அளவு பெரிது என்று அதற்கு வெளியிடத்தில் பிரதி வைக்காமல் விட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர்த் தொழிலில் உலகத்துக்கு வழிகாட்டும் நாடு அது!

நம்மவர்களுக்கு இந்தப் பாடம் இன்னும் கசப்பாகவே கிடைத்திருக்கிறது. 1981-ல் மே மாதக் கடைசி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அச்சேறிய புத்தகங்கள் எங்கெங்கோ இருந்தன. தேடிச் சேர்க்க முடிந்தது. ஒற்றைப் பிரதியாக இருந்த சுவடிகளை எங்கே தேடுவது? ஈழத்து எழுத்துகளைப் படம் பிடித்துச் சேர்க்கும் நூலகம் என்ற மின்நூலகம் 2005-ல் தொடங்கியதற்கு அந்தக் காயமும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன்.

எந்த சாப்ட்வேர்?

பெரியப்பா கேட்ட முதல் கேள்வி இது. எனக்கு இது கடைசிக் கேள்வி. ஏனென்றால் இதில் தவறு செய்தாலும் திருத்திக்கொள்ளலாம்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒத்திசைப்பது வேறு, காப்புப் பிரதி வேறு. ஒன்டிரைவ், கூகிள் டிரைவ் போன்றவை முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. இங்கே அழித்தால் அங்கேயும் அழிகிறது. இங்கே கெட்டால் அங்கேயும் கெட்டதே போய் உட்காருகிறது. கொஞ்ச நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும், அவ்வளவுதான். கல்வெட்டுக்காரர்கள் 919-ஐ வைத்துக்கொண்டே 921-ஐ எழுதினார்களே, அந்த மாதிரி நேற்றையதும் போன மாதத்ததும் தனித்தனியாக நிற்பதுதான் காப்புப் பிரதி. நீங்கள் ஓர் அத்தியாயத்தைத் தவறுதலாக அழித்துவிட்டுப் பல மாதம் கழித்து அறிகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் அது இருக்காது.

விண்டோஸிலேயே 'பைல் ஹிஸ்டரி' என்று ஒரு வசதி 2012 முதல் இருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் தேடினால் கிடைக்கும். காசில்லை. மாற்றிய பைல்களைத் தேதி போட்டு, பழையதை அழிக்காமல் வெளி டிஸ்கில் சேர்த்துக்கொண்டே போகும். வழக்கமான போல்டர்களை மட்டுமே அது தானாக எடுக்கும்; 'டி'யில் தனி போல்டர் வைத்திருப்பவர்கள் அதையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். இது தெரியாமல் ஏமாறுகிறவர்கள் அநேகர். மேக் வைத்திருப்பவர்களுக்கு 2007 முதல் 'டைம் மெஷின்' உண்டு. அதைப் போட்டுவிட்டுக் கவலையில்லாமல் இருக்கலாம். லினக்ஸ்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவர்கள் எனக்குச் சொல்லிக் கடிதம் எழுதுவார்கள்.

கம்ப்யூட்டரை முழுசாக, விண்டோஸோடு படம் பிடித்து வைக்கும் சாப்ட்வேர்களும் உண்டு. ஆபீசுக்கு அது அவசியம். வீட்டுக்கு அப்படி அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை. விண்டோஸைத் திரும்பப் போட அரை நாள் ஆகும், போகட்டும். அம்மாவின் குரலைத் திரும்பப் போட முடியாது. அன்றியும் இலவசம் என்று நம்பி ஒரு கம்பெனியின் தனிவகைப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் பின்னால் சங்கடம். 'மேக்ரியம் ரிப்ளெக்ட்' என்ற நல்ல சாப்ட்வேரின் இலவசப் பதிப்பு அப்படித்தான் 2024 பிறந்ததோடு ஆதரவு இழந்தது. ஆகவே என் கட்சி இது. டிஸ்கைப் பிடுங்கி எந்தக் கம்ப்யூட்டரில் சொருகினாலும், எந்த சாப்ட்வேரும் இல்லாமல், பாட்டு பாட்டாகவும் படம் படமாகவும் திறக்க வேண்டும். அப்படித் திறக்காத காப்புப் பிரதி எனக்கு வேண்டாம்.

இதை ஒட்டித் தமிழர்களுக்கென்றே ஒரு வம்பு இருக்கிறது. பெரியப்பாவின் கழனிப் பெயர்ப் பட்டியலைக் கடைத்தெருவில் ஒரு டி.டி.பி. கடையில் எப்போதோ அச்செடுத்திருக்கிறார். அந்தக் கடைக்காரரின் பழைய டிஸ்கில் பைல் அப்படியே இருந்தது! ஆனந்தமாகத் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் கூளம். யூனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துருவில் அடித்தது அது. 1999-ல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டில் டாம், டாப் என்று தரம் வகுத்ததும், 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றதும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். ஆனாலும் பழைய பைல்கள் பழையபடியே கிடக்கின்றன. மாற்றிக் கொடுக்கும் இலவச சாப்ட்வேர்கள் இருப்பதால் பட்டியல் பிழைத்தது. உங்களிடம் அத்தகைய பைல்கள் இருந்தால் இந்த வாரமே யூனிகோடுக்கு மாற்றி, பி.டி.எப். ஆகவும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துருவைத் தந்த கடை மூடினால் உங்கள் தமிழ் வட்டெழுத்தாகிவிடும்.

சொருகியே வைக்காதீர்கள்

காப்பு எடுத்ததும் டிஸ்கைக் கழற்றிவிட வேண்டும். 2017 மே மாதத்தில் 'வான்னக்ரை' என்ற விஷமம் ஏறத்தாழ 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டதே, அந்த வகைக் கொள்ளைக்குச் சொருகியிருக்கும் டிஸ்கும் கம்ப்யூட்டரும் ஒன்றுதான். இடிக்கும் மின்னலுக்கும் அப்படியே.

இரண்டாவது டிஸ்க் வேறு ஊரில் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டுமா? கம்ப்யூட்டரும் அதன் காப்பு டிஸ்கும் ஒரே மேஜை இழுப்பறையில் சேர்ந்து நனைந்த வீடுகள் எத்தனை! ஹாலிவுட்டில் 'டாய் ஸ்டோரி 2' என்ற பொம்மைப் படம் தயாரிக்கும்போது, 1998-ல், யாரோ கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் பைல்கள் மளமளவென்று அழிந்தன. ஸ்டூடியோவில் எடுத்து வைத்த காப்பு டேப்புகளோ பழுதாகியிருந்தன. பிள்ளை பெற்று வீட்டிலிருந்தபடி வேலை பார்த்த ஓர் அம்மாளின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதைக் கம்பளியில் சுற்றிக் காரில் வைத்துக் குழந்தையைப் போல் கொண்டுவந்து படத்தைக் காப்பாற்றினார்கள். ஸ்டூடியோவின் சாமர்த்தியத்தால் அல்ல, தற்செயலால் தப்பியது அது.

பெரியப்பாவுக்கும் அப்படி ஒரு தற்செயல் வாய்த்தது. பெங்களூரில் இருக்கும் பேத்தி, கொள்ளுப்பாட்டியின் பாட்டுகளில் தனக்குப் பிடித்ததை எப்போதோ வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்திருந்தாள். நாற்பத்துமூன்றில் ஆறு. சுருங்கிப்போன ஒலிதான், ஆனாலும் குரல் குரல்தான். மற்ற முப்பத்தேழு போனது போனதுதான்.

இன்னொரு வார்த்தை. டிஸ்குக்குப் பூட்டுச் சொல் போடுவதானால் அந்தச் சொல்லை வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும்படி, பத்திரங்களோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். பூட்டுச் சொல்லைத் தம்மோடு கொண்டுபோன குடும்பத் தலைவர்கள் இப்போது பெருகி வருகிறார்கள். நிலப் பத்திரத்துக்கு இருக்கும் மரியாதை ஒரு துண்டுத் தாளுக்கும் உண்டு.

எல்லாவற்றிலும் முக்கியமாக, யாரும் செய்யாதது ஒன்று இருக்கிறது. எடுத்து வைத்த பிரதி திறக்கிறதா என்று பார்ப்பது. இதற்கும் உத்திரமேரூர்க்காரர்கள் வழி சொல்லியிருக்கிறார்கள். சிறுவன் எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். உரக்க வாசிக்க வேண்டும். பிறகு அங்குள்ள நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். குடத்துக்குள் ஓலை இருக்கிறது என்று நம்பி எழுந்து போய்விடவில்லை அவர்கள்!

அதனால் பெரியப்பா வீட்டில் ஒரு ஏற்பாடு செய்தோம். பதினைந்து நாள் கழித்து நான் மறுபடி போனபோது இரண்டு டிஸ்கும் வந்திருந்தன. ஒன்று வீட்டில், மற்றொன்று மதுராந்தகத்தில் மகள் வீட்டுக்கு. மாதப் பிறப்பன்று மகள் வரும்போது இரண்டையும் மாற்றிக்கொள்வது. மாற்றும் நாளில் வீட்டுச் சிறுவன் காப்பு டிஸ்கில் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு பைலைத் தொட வேண்டும். தொட்டது திறக்க வேண்டும்.

அன்றைக்கே ஒத்திகை. எழு வயதுப் பேரன் கண்ணை இறுக மூடிக்கொண்டு சொடுக்கினான். 2022-ஆம் வருஷத்து மின்கட்டண ரசீது திறந்தது. டி.டி.பி. கடைக்காரர் வைத்திருந்தவற்றோடு அதுவும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பெரியப்பா விடாமல் அதை முழுதும் உரக்கப் படித்தார். பெரியம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "கரண்ட் பில்லுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்றார்.

"இன்னொரு தடவை தொடுறா கண்ணு" என்றார் பெரியப்பா.

இரண்டாம் தடவை பாட்டு வந்தது. நாற்று முடிச்சை அவிழ்க்கிற பாட்டாம். நாலே வரிதான் எனக்கு விளங்கிற்று. நடுவில் ஒரு நாய் குரைக்கிறது. பாட்டு நின்ற பிறகும் பதிவு சிறிது நேரம் ஓடுகிறது. "ஆச்சா? நிறுத்திட்டியா?" என்று அந்த அம்மாள் கேட்பதும் அதில் இருக்கிறது.